வீட்டுக்கு ஒரு தகவல் களஞ்சியம்



உங்கள் குடும்பத்தின் புகைப்படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன? முப்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால், "பீரோவில், ஆல்பத்துக்குள்" என்று உடனே பதில் வந்திருக்கும். இன்றோ அப்பாவின் செல்போனில் கொஞ்சம், அக்காவின் செல்போனில் கொஞ்சம், பழுதாகிப் பரண்மேல் கிடக்கும் கணினியில் கொஞ்சம் எனச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு செல்போன் தண்ணீரில் விழுந்தால் ஐந்தாண்டுப் படங்கள் ஒரே நொடியில் போய்விடும்.

நெய்வேலி நகரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்ட ஊர் இது. பல ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இங்கே குடியிருப்புகளில் வாழ்ந்து, ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்து போய்விடுகிறார்கள். குழந்தைகள் பிறந்து வளர்ந்த வீடு பிறகு படத்தில்தான் இருக்கும். நகரியத்தைச் சுற்றிச் சுரங்கத்துக்காக நிலம் கொடுத்து இடம் பெயர்ந்த கிராமத்தாரின் நிலையோ இன்னும் கடினம். அவர்களுடைய தெருவும் குளமும் முந்திரித் தோப்பும் இருந்த இடம் இன்று சுரங்கம். அந்த ஊரின் ஒரு படம் தொலைந்தால், மறுபடி போய் எடுத்து வர முடியாது. பழைய பட்டாவின் நகலும் அப்படித்தான்.

இப்படிப்பட்ட படங்களையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, வீட்டிலுள்ள எல்லோரும் எடுத்துப் பார்க்கும்படி வைக்கும் கருவியை நீங்களே அமைக்கலாம். அது எப்படி வேலை செய்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பார்ப்போம்.

தொட்டியும் குழாயும்

வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனிக் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொள்வதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு குடம் வழியும், மற்றொன்று காலியாக இருக்கும். ஆனால் மாடியில் ஒரு தொட்டி வைத்துக் குழாய் போட்டுவிட்டால் எந்த அறையிலும் தண்ணீர் கிடைக்கும் அல்லவா? நாம் அமைக்கப்போவதும் அப்படி ஒரு தொட்டியே. தகவல் சேரும் தொட்டி ஹார்டு டிஸ்க். குழாய் வீட்டு ரௌட்டர் வழியாக அமையும் வலை. செல்போன்களும் கணினிகளும் தண்ணீர் பிடிக்கும் இடங்கள். கேட்டவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் காவலாள் ஒருவர் வேண்டும். அதைச் செய்யும் கணினிக்கு 'வழங்கி' என்று பெயர்.

வழங்கியாக இருக்கப் பெரிய கணினி தேவையில்லை. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் 'ராஸ்பெர்ரி பை' என்ற சிறு கணினி விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் குறைந்த விலையில் வாங்கிக் கணினியைக் கற்க வேண்டும் என்பதே அதை உருவாக்கிய எபன் அப்டன் குழுவினரின் நோக்கம். செயலி, நினைவகம், இணைப்புகள் யாவும் 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரே பலகையில் அடங்கியிருப்பதால், இத்தகையவற்றை ஒற்றைப் பலகைக் கணினி என்கிறோம். 2019-இல் வந்த நான்காம் மாதிரியும் அதற்குப் பிந்தியவையும் நம் வேலைக்கு ஏற்றவை.

ஓர் ஆண்டுக்கு எவ்வளவு நிலக்கரி?

'பரண்மேல் இருக்கும் பழைய கணினியையே வழங்கி ஆக்கினால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். ஆக்கலாம். ஆனால் வழங்கி இரவும் பகலும் விழித்திருக்க வேண்டிய கருவி. எப்போதும் ஓடும் கருவிக்குச் சிறிய வேறுபாடும் ஆண்டு முடிவில் பெரிதாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பழைய மேசைக் கணினி 80 வாட் எடுத்துக்கொள்வதாகவும், ஒற்றைப் பலகைக் கணினியும் சிறிய ஹார்டு டிஸ்க்கும் சேர்ந்து 8 வாட் எடுத்துக்கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் 24 × 365 = 8760 மணி. ஆகவே முதலாவதற்குச் சுமார் 700 யூனிட்டும், இரண்டாவதற்குச் சுமார் 70 யூனிட்டும் செலவாகும்.

இதை நெய்வேலிக் கணக்கில் மாற்றலாம். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரி ஆற்றலுக்குச் சமம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் பாதிக்கு நெருக்கமான பங்கு ஈரமே. எனவே அதன் ஒரு கிலோ தரும் வெப்பம் ஏறத்தாழ 2600 கிலோகலோரிதான். அனல் மின் நிலையத்தில் இவ்வெப்பத்தில் 30 சதவீதம் மின்சாரமாக மாறுவதாகக் கொண்டால், கிலோவுக்கு 780 கிலோகலோரி கிடைக்கிறது. ஆகவே ஒரு யூனிட்டுக்கு 860 ÷ 780, அதாவது சுமார் 1.1 கிலோ நிலக்கரி வேண்டும்.

பழைய கணினிக்கு ஆண்டுக்குச் சுமார் 770 கிலோ. சிறு கணினிக்குச் சுமார் 77 கிலோ! எந்நேரமும் ஓடும் கருவி சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டுமா?

அமைக்கும் முறை

தேவையான பொருள்கள்: ஒற்றைப் பலகைக் கணினி, அதற்குரிய மின் இணைப்பான் (நான்காம் மாதிரிக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர்), 32 ஜிகாபைட் மெமரி கார்டு, யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க், ரௌட்டருடன் இணைக்க ஒரு கேபிள்.

1. வேறொரு கணினியில் மெமரி கார்டைச் செருகி, லினக்ஸ் இயக்க முறைமையை அதில் பதியுங்கள். இதற்கான மென்பொருள் ராஸ்பெர்ரி பை தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயனர் பெயரையும் எளிதில் ஊகிக்க முடியாத கடவுச்சொல்லையும் அப்போதே கொடுத்துவிடுங்கள்.

2. கார்டைச் சிறு கணினியில் செருகி, ரௌட்டருடன் கேபிளால் இணைத்து, மின்சாரம் கொடுங்கள்.

3. ரௌட்டரில் இக்கணினிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக 192.168.1.50. கதவு எண் நாள்தோறும் மாறினால் தபால்காரர் என்ன செய்வார்? அதே சிக்கல்தான் இங்கும்.

4. ஹார்டு டிஸ்க்கை இணைத்து, லினக்ஸுக்கு உரிய 'இ.எக்ஸ்.டி.4' முறையில் ஃபார்மட் செய்யுங்கள். எச்சரிக்கை: இச்செயல் டிஸ்க்கில் முன்பே உள்ள அனைத்தையும் அழித்துவிடும். காலியான டிஸ்க்கையே பயன்படுத்துங்கள்.

5. 'சாம்பா' என்ற மென்பொருளை நிறுவுங்கள். வெவ்வேறு இயக்க முறைமை கொண்ட கணினிகள் கோப்புகளைப் பகிர உதவும் இதை, ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதத் தொடங்கினார். பகிர வேண்டிய கோப்புறையையும், அதைத் திறக்க யாருக்கு உரிமை என்பதையும் இதில் குறித்துவிட்டால் களஞ்சியம் தயார். கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தயங்குபவர்கள் 'ஓப்பன் மீடியா வால்ட்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு இவ்வேலையை எளிதாக முடிக்கலாம்.

இரண்டு குறிப்புகளை மறவாதீர்கள். நான்காம் மாதிரியின் நான்கு யு.எஸ்.பி. வாயில்களும் சேர்ந்து 1.2 ஆம்பியர் மட்டுமே தரும். ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் அதிக மின்னோட்டம் கேட்கும். டிஸ்க் திடீர் திடீரென மறைந்தால், தனி மின் இணைப்பு கொண்ட யு.எஸ்.பி. ஹப் ஒன்றின் வழியாக இணைக்க வேண்டும். அடுத்தது வெப்பம். செயலியின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மே மாதத்து நெய்வேலியில் இதை மூடிய அலமாரிக்குள் வைக்கலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

குழாயின் பருமன்

வலையின் வேகத்தைப் பிட் கணக்கிலும், கோப்பின் அளவைப் பைட் கணக்கிலும் சொல்வது வழக்கம். ஒரு பைட் எட்டுப் பிட்டுகள் ஆகும். நொடிக்கு 1000 மெகாபிட் செல்லும் இணைப்பில் அதிகபட்சம் 125 மெகாபைட் போகும். 100 மெகாபிட் இணைப்பில் 12.5 மெகாபைட்தான். 4000 மெகாபைட் அளவுள்ள ஒரு திருமண வீடியோவுக்கு முதலாவதில் 32 நொடி, இரண்டாவதில் 320 நொடி. நடைமுறையில் இன்னும் சற்றுக் கூடும். ரௌட்டர் பழையதாக இருந்தால், புதிய டிஸ்க் வாங்கியும் வேகம் கிடைக்காது. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் குழாய் மெலிதானால் தண்ணீர் மெதுவாகத்தானே வரும்?

திடீரென மின்சாரம் நின்றால்?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் பிறக்கும் ஊருக்கு அருகிலேயே மின்சாரம் இல்லாமல் போகக்கூடும்!

டிஸ்க்கில் ஒரு கோப்பை எழுதும்போது இரண்டு வேலைகள் நடக்கின்றன. கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில் எழுதப்படுகிறது. அது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் வேறோர் இடத்தில் திருத்தப்படுகிறது. இவை இரண்டுக்கும் நடுவே மின்சாரம் நின்றால் பட்டியலும் பொருளும் ஒத்துப்போகா. கடைக்காரர் வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதி, பிறகு பேரேட்டில் ஏற்றுவதை நீங்கள் அறிவீர்கள். இ.எக்ஸ்.டி.4 முறையிலும் இப்படி ஒரு குறிப்பேடு உண்டு. மின்சாரம் திரும்பியதும் கணினி அதைப் படித்துப் பட்டியலைச் சரிசெய்துகொள்ளும். ஆனால் பாதி எழுதப்பட்ட கோப்பின் மீதிப் பாதியை அதனால் உருவாக்க முடியாது. ஆகவே வழங்கிக்கும் ரௌட்டருக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று வைப்பது நல்லது. நிறுத்த வேண்டுமானால் முறைப்படி நிறுத்துங்கள். மின் இணைப்பானை வெடுக்கென்று பிடுங்காதீர்கள்.

ஒரு பிரதி போதாது

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். எல்லாப் படங்களையும் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டோம். இனிக் கவலையில்லை என்று செல்போன்களில் உள்ளவற்றை அழித்துவிட்டால், முன்பைவிட ஆபத்தான நிலைக்குப் போய்விட்டோம் என்று பொருள். முன்பு சிதறிக் கிடந்தவை இப்போது ஒரே டிஸ்க்கில் இருக்கின்றன. அந்த டிஸ்க் ஒருநாள் பழுதாகும். என்றைக்கு என்பதுதான் தெரியாது.

சிலர் இரண்டு டிஸ்க்குகளை இணைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானே பதியுமாறு அமைப்பார்கள். ஒரு டிஸ்க் பழுதானாலும் வேலை நிற்காது. ஆனால் இது கண்ணாடி போன்றது. தம்பி தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், கண்ணாடியிலும் அந்நொடியே அழியும். திருட்டோ தீயோ இடியோ வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இந்தப் பாடம் கணினியோடு பிறந்ததன்று. பழந்தமிழ் நூல்கள் நம்மிடம் இருப்பதற்குக் காரணம், செல்லரிக்கும் ஓலையைப் பார்த்துப் புதிய ஓலையில் படியெடுத்தவர்களே. உ.வே. சாமிநாதையர் பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஓர் ஊர்ச் சுவடியில் சிதைந்த அடி மற்றோர் ஊர்ச் சுவடியில் இருந்தது. அதற்கு மாறான துயரம் 1981-இல் நடந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை அன்றோடு மறைந்தன. ஈழத்து நூல்களைப் படியெடுத்து இணையத்தில் சேர்க்கும் 'நூலகம்' என்ற திட்டம் 2005-இல் தொடங்கப்பட்டது. அதன் பணியின் பொருள் இப்போது உங்களுக்குப் புரியும்.

இதற்கு எளிய விதி ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். செல்போனில் அல்லது கணினியில் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று, தனி டிஸ்க் ஒன்றில் படியெடுத்துச் சேலத்துச் சித்தப்பா வீட்டில் ஒன்று. ஏன் சேலம்? கடலூரில் வைத்தால் ஒரே புயல் இரண்டு வீட்டையும் தொடலாம் அல்லவா? விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அந்த டிஸ்க்கைப் புதுப்பித்து வைத்துவிட்டு வாருங்கள். படியெடுக்கும் நேரம் தவிர அது எந்தக் கணினியுடனும் இணைந்திருக்க வேண்டாம். அப்போது வைரஸும் அதை எட்டாது.

செய்து பாருங்கள்

1. களஞ்சியத்தில் உள்ள ஏதேனும் ஒரு படத்தை அழித்துவிட்டதாக எண்ணிக்கொண்டு, தனி டிஸ்க்கிலிருந்து அதைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பார்த்துச் சோதிக்காத பிரதியை நம்ப முடியாது.

2. ஒரு படம் 4 மெகாபைட் என்றால், 1 டெராபைட் டிஸ்க்கில் எத்தனை படங்கள் அடங்கும்? (விடை: 2,50,000.)

3. 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் கணினியில் இணைத்தால் 931 ஜிகாபைட் என்றே காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. 10-இன் 12-ஆம் அடுக்கை 2-இன் 30-ஆம் அடுக்கால் வகுத்துக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

4. உங்கள் தாத்தா பாட்டியிடம் உள்ள காகிதப் படங்களில் பத்தைச் செல்போனில் படம் பிடித்து, கோப்பின் பெயரிலேயே ஊர், ஆண்டு, படத்தில் உள்ளவர்கள் பெயர் ஆகியவற்றை எழுதிச் சேருங்கள். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.