பூச்சி தின்னும் செடிக்கு வீட்டுக்குள் ஒரு சதுப்பு

கோலா சாவா பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரியோக் கெரா என்ற குடுவைச் செடி புதிதல்ல. 'குரங்கின் பானை' என்று மலாய்க்காரர்கள் பெயர் வைத்த இந்தச் செடியின் குடுவையில் புளுட் அரிசியும் தேங்காய்ப்பாலும் நிரப்பி லெமாங்கும் அவிப்பார்கள். அதையும் அதன் சொந்தக்காரச் செடிகளையும் வீட்டில் வளர்க்கச் சில குறிப்புகள்.

1. உரம் வேண்டாம். சத்தில்லாத மண்ணில் பிழைக்கத்தான் இந்தச் செடிகள் பூச்சி பிடிக்கவே கற்றுக்கொண்டன. என் முதல் செடிக்கு, ரோஜாவுக்குப் போடுவதுபோல் ஆட்டுப்புழுக்கை போட்டேன். மூன்றே வாரத்தில் வேர் கறுத்துப் போனது.

2. மண் கலவைக்குப் பீட் பாசி ஒரு பங்கு, பெர்லைட் அல்லது நன்றாகக் கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு. தேங்காய் நார்த்தூள் என்றால் நாலைந்து தண்ணீரில் அலசி உப்பைப் போக்குங்கள். போர்ட்டிக்சன் போனபோது அள்ளி வந்த கடற்கரை மணல் கூடவே கூடாது.

3. அடியில் ஓட்டையில்லாத பிளாஸ்டிக் பேசினே சதுப்பு. மண்ணின் மேல்மட்டத்துக்கு நான்கு விரல் கீழே, பக்கவாட்டில் ஓர் ஓட்டை போடுங்கள். மிஞ்சிய தண்ணீர் அதன் வழியே வடியும். தண்ணீர் மண்ணுக்குள்ளேயே நிற்பதால் ஏடிஸ் கொசு முட்டையிட இடமிருக்காது. கீழே தட்டு வைத்தால் வாரம் ஒருமுறையாவது அதைத் தேய்த்துக் கழுவுங்கள். கொசுப்புழு கண்டால் அபராதம் போட 1975லிருந்தே சட்டம் இருக்கிறது.

4. இந்தச் சதுப்பு துரோசெரா என்ற செடிக்குத்தான். இலை மயிர் நுனியில் பனித்துளிபோல் பசை மினுக்கும். கொசுவோ ஈயோ ஒட்டினால் மயிர்கள் மெல்ல வளைந்து பிடித்துக்கொள்ளும். பெரியோக் கெராவின் வேர் தண்ணீரில் ஊறக் கூடாது. அதை ஓட்டையுள்ள தொட்டியில் தொங்கவிடுங்கள்.

5. மழைத்தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். துத்தநாகக் கூரையில் வடிவதைப் பிடிக்காமல், வெட்டவெளியில் வேறொரு பேசின் வைத்துப் பிடியுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

6. கிழக்குச் சன்னலில் காலை வெயில் போதும். ஏர்கான் அறையில் காற்று காய்ந்திருப்பதால் இலை வரும், குடுவை வராது. இலை நுனிக் கொடி மட்டும் கருகி நிற்கும்.

7. வாங்கி வரும் வழியில் குடுவை கவிழ்ந்து காலியானால், மூன்றில் ஒரு பங்கு மழைத்தண்ணீர் ஊற்றுங்கள். மூடி திறக்காத குடுவையை நோண்டாதீர்கள்.

8. இறைச்சித் துண்டு போடாதீர்கள், அழுகி நாறும். எறும்பு தானாக வரும். பெரியோக் கெராவில் நெப்பந்தஸ் கிராசிலிஸ் என்ற வகையில், மூடியின் அடியில் தேன் குடிக்கும் எறும்பை மேலே விழும் மழைத்துளியே உள்ளே தள்ளிவிடும். ஆம்புலாரியா வகையோ உதிர்ந்த இலைகளையும் செரித்துக்கொள்ளும், பாதிச் சைவம்.

9. கடையில் வாய் பிளந்து நிற்கும் வீனஸ் ஈப்பொறியைப் பார்த்து ஏமாறாதீர்கள். அமெரிக்காவின் கரோலினாக்காரச் செடி அது. ஆண்டுக்கு மூன்று மாதமாவது குளிரில் உறங்க வேண்டும், நம் வெக்கையில் தேய்ந்துபோகும். பிள்ளைகள் விரலை விட்டு விளையாடினால் இன்னும் சீக்கிரம் போகும்.

10. காட்டிலிருந்து பிடுங்காதீர்கள். பெரியோக் கெராவின் நெப்பந்தஸ் பேரினம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. பிடுங்கியவை வேரறுந்து பெரும்பாலும் பிழைப்பதுமில்லை. நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.