கோட்டுப் படத்தில் காணாமற்போகும் மூன்று நிமிடம்

கோன் நூலுக்குச் சாயமேற்றும் இயந்திரங்களில் உஷ்ணமும் அழுத்தமும் இக்காலத்தில் கம்ப்யூட்டரில் பதிவாகின்றன. வேண்டும்போது அப்பதிவைத் திரையில் கோட்டுப் படமாகக் காணலாம். நூலில் குறை நேர்ந்து, நஷ்டம் சங்கத்தைச் சாருமா சாயச்சாலையைச் சாருமா என்ற வழக்கு எழுங்கால், இப்படமே சாட்சியாக முன்வைக்கப்படுகிறது. எனவே அதைப் படிக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

ஒரு கோனின் வெளிச்சுற்று நன்கு நிறம் பிடித்து, உட்சுற்று வெளுத்திருக்கிறது என்று கொள்வோம். அந்நூலை நெய்தால் துணியில் பட்டை விழும். நெய்தவரின் உழைப்பு வீணாகும். சாயநீரைக் கோனின் ஊடே செலுத்தும் பம்பு இடையில் நின்றிருத்தல் இதற்கு ஒரு காரணமாகலாம். சாயச்சாலையாரோ, அழுத்தக் கோடு நேராகவே ஓடுகிறது என்று படத்தைக் காட்டுவர். அவர் பொய்யுரைக்கிறார் என்று நாம் கருத வேண்டுவதில்லை. பம்பு நின்றிருந்தும் கோடு நேராகத் தோன்றக்கூடும்.

விநாடிக்கு ஒரு முறை அளவு பதிவானால் 8 மணி நேரத்தில் 28,800 எண்கள் சேரும். திரை அத்தனையையும் கேட்டு வாங்குவதில்லை. 100 புள்ளிகள் போதும் என்று அமைத்திருந்தால், ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளியே வரும். 'சைக்ளிக்' என்னும் இம்முறையில், இரு புள்ளிகளுக்கு இடையே 3 நிமிடம் பம்பு நின்றிருந்தால் படத்தில் அதன் சுவடே இராது.

'ஆவரேஜ்', அதாவது சராசரி முறை, வேறு விதமாக ஏமாற்றும். அழுத்தம் 2 என்ற அளவில் இருந்து 3 நிமிடம் பூஜ்யமாயிற்று எனில், ஒரு மணி நேரச் சராசரி 1.9 ஆகும். இந்தச் சிறு சரிவை யார் பொருட்படுத்துவர்? மாதாந்தரக் கணக்குக்குச் சராசரி உகந்தது. குறையை விசாரிக்க உகந்ததன்று.

விசாரணைக்கு ஏற்றது 'பெஸ்ட் ஃபிட்' முறை. அது ஒவ்வொரு காலப் பகுதியிலும் முதல், கடைசி மதிப்புகளோடு மிகக் குறைந்ததையும் மிக உயர்ந்ததையும் எடுத்துத் தருவதால், பூஜ்யம் திரையில் வந்தே தீரும். அம்முறை இல்லாத இடத்தில் காலத்தைச் சுருக்கிப் பார்க்கலாம். அதே 100 புள்ளிகளை அரை மணி நேரத்துக்கு மட்டும் கேட்டால் 18 விநாடிக்கு ஒன்று கிடைக்கும். இவ்வாறு அமைப்பை மாற்றுவதால் மூலப் பதிவு சிறிதும் மாறாது, செலவும் இல்லை. ஆதலின், படத்தை வேறு முறையில் மீண்டும் வரைந்து காட்டும்படி கோரச் சங்கப் பிரதிநிதிகள் கூச வேண்டியதில்லை.

திறப்பும் மூடலும், ஓட்டமும் நிறுத்தமும் என்ற இரு நிலைகள் மட்டுமே உடைய வால்வு, பம்பு போன்றவற்றுக்கு இடைநிலை கிடையாது. அவற்றின் படம் படிக்கட்டுப் போல் இருக்க வேண்டும். சாய்கோடாக வரைந்திருந்தால், நின்ற நேரத்தை அதிலிருந்து கணக்கிடலாகாது.

இன்னொன்றையும் முதலிலேயே கேட்டறிதல் நலம். சில இடங்களில் மதிப்பு குறிப்பிட்ட அளவுக்கு மேல் மாறினால் மட்டுமே சேமிக்கின்றனர். அவ்வெல்லை 2 டிகிரி என்றிருந்தால், 1 டிகிரி ஏற்ற இறக்கம் பதிவிலேயே ஏறியிராது. எம்முறையில் படம் வரைந்தாலும் அதை மீட்க இயலாது. சாய ஒப்பந்தம் எழுதும்போதே இவ்வெல்லையைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும்.