கடனுக்குப் பாலிசி இருக்கிறது, புளிக்கு இருக்கிறதா?

கேள்வி: ஐயா, நானும் என் தம்பியும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் ஒரு வாடகை ஷெட்டில் புளி வியாபாரம் தொடங்கியிருக்கிறோம். மாசி, பங்குனியில் கொட்டைப் புளி வாங்கி, சுற்று ஊர்ப் பெண்களிடம் கொடுத்துக் கொட்டை எடுத்து, பாக்கெட் போட்டு சேலத்துக்கும் பெங்களூருக்கும் அனுப்புகிறோம். மீதியைக் கோல்டு ஸ்டோரேஜில் வைக்கிறோம். பேங்கில் 8 லட்சம் கடன். பேங்கிலேயே ஏதோ இன்சூரன்ஸ் போட்டு எங்கள் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டார்கள். பேப்பரை நாங்கள் பார்க்கவில்லை. 2024 டிசம்பர் மழையில் ஊத்தங்கரையில் வண்டிகள் அடித்துப் போனதை டிவியில் பார்த்ததிலிருந்து பயமாக இருக்கிறது. தெரிந்த ஏஜென்ட் ஒருவர், வருடம் 60,000 ரூபாய் கட்டும் சேமிப்புப் பாலிசியை எடுத்தால் தொழிலுக்கும் அதுவே பாதுகாப்பு என்கிறார். எங்களைப் போன்ற சின்னத் தொழிலுக்கு எது தேவை, எது வீண்? – வாசகி, பாப்பிரெட்டிப்பட்டி

பதில்: முதல் வேலையாக நாளைக்கே பேங்குக்குப் போய், உங்கள் பெயரில் போட்ட பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் உங்கள் பணம். காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: என்ன தொகைக்கு, எந்த முகவரிக்கு, எந்தப் பொருளுக்கு.

தொகை பெரும்பாலும் 8 லட்சம் என்று இருக்கும். பேங்கின் கவலை கடன் திரும்புவது. அதனால் கடன் தொகைக்கே பாலிசி போடுவது வழக்கமாகிவிட்டது. உங்கள் கவலை சரக்கு. பங்குனி முடியும்போது உங்களிடம் 20 லட்ச ரூபாய்ப் புளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளத்தில் 5 லட்சத்துக்கு நஷ்டம். 8 லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறதே, 5 லட்சமும் வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வராது. இருபதில் எட்டுப் பங்குக்குத்தான் காப்பு எடுத்தீர்கள், அதனால் நஷ்டத்திலும் இருபதில் எட்டுப் பங்குதான் என்று கணக்குப் போட்டு 2 லட்சம் தருவார்கள். அந்த 2 லட்சமும் பேங்க் வழியாகத்தான் வரும். கடன் பாக்கியில் வரவு வைத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. மீதி 3 லட்சம் உங்கள் தலையில். சிறு தொழில்களில் நான் பார்த்த கிளெய்ம் சண்டைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு கணக்கைத் தெரியாமல் வந்தவைதான். ஏமாற்றிவிட்டார்கள் என்று கண்ணீர் விடுவார்கள். பாலிசியில் அந்த விதி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கும்.

உங்கள் அளவுத் தொழிலுக்கென்றே 2021 ஏப்ரல் 1 முதல் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசியை எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வைத்திருக்கிறது. ஓரிடத்தில் இருக்கும் சொத்தும் சரக்கும் சேர்ந்து 5 கோடி வரை உள்ளவர்களுக்கானது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் இதில் சேர்ந்தே வரும். வெள்ளமோ தீயோ வந்து, அதன் தொடர்ச்சியாக ஏழு நாளுக்குள் சரக்கு திருட்டுப் போனால் அதற்கும் காப்பு உண்டு. முக்கியமாக, பாலிசித் தொகை உண்மை மதிப்பைவிட 15 சதவீதம் வரை குறைந்திருந்தால், மேலே சொன்ன வெட்டு கிடையாது. 20 லட்சச் சரக்குக்கு 17 லட்சத்துக்குப் பாலிசி இருந்தால் பிழைத்தீர்கள். ஆகவே தொகையை, வருடத்தில் சரக்கு உச்சத்தில் இருக்கும் நாளை வைத்து முடிவு செய்யுங்கள். விலை என்பது நீங்கள் வாங்கிய விலையும் அதன்மேல் செய்த கூலிச் செலவும். பெங்களூரில் விற்கும் விலை அல்ல.

அடுத்தது முகவரி. பாலிசி உங்கள் ஷெட்டின் கதவு எண்ணுக்கு எழுதப்பட்டிருக்கும். உங்கள் புளியோ மூன்று இடங்களில் இருக்கிறது: ஷெட்டில், கொட்டை எடுக்கும் பெண்களின் வீடுகளில், கோல்டு ஸ்டோரேஜில். வேலைக்காகத் தற்காலிகமாக வெளியே போகும் சரக்குக்கு, சரக்குத் தொகையில் 10 சதவீதம் வரை அந்தப் பாலிசியிலேயே இடம் இருக்கிறது. வீடுகளுக்குப் போகும் மூட்டைகள் அந்த அளவுக்குள் நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; யார் வீட்டுக்கு எத்தனை கிலோ போனது, எத்தனை திரும்பியது என்பது நோட்டில் இருக்கட்டும். கோல்டு ஸ்டோரேஜ் சரக்குக்கு அது போதாது. அந்த முகவரியையும் பாலிசியில் ஏற்றச் சொல்லுங்கள். இரண்டு இடத்துக்கும் பொதுவாக ஒரே தொகையாக எடுக்கும் ‘ஃப்ளோட்டர்’ முறை உங்களுக்குப் பொருந்தும், ஏனென்றால் சரக்கு இங்கிருந்து அங்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. கோல்டு ஸ்டோரேஜ்காரர் இன்சூரன்ஸ் வைத்திருப்பதாகச் சொன்னால், அது அவர் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்குமா, உள்ளே இருக்கும் உங்கள் மூட்டைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். கரன்ட் போய்க் குளிர் நின்று புளி கறுத்துவிட்டால் தீ-வெள்ளப் பாலிசியில் பணம் வராது. அதற்குத் தனிக் காப்பு எடுக்க வேண்டும். அதேபோல் உங்கள் பாக்கெட் ஒட்டும் இயந்திரமோ மோட்டாரோ வோல்டேஜ் ஏறி உள்ளேயே கருகினால், அந்த இயந்திரத்துக்குப் பணம் கிடையாது. அதிலிருந்து தீ பரவி மற்றவை எரிந்தால் அவற்றுக்கு உண்டு.

ஊத்தங்கரையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடலோரத்தில் பயந்தது ஒரு பக்கம் இருக்க, உள்மாவட்டமான கிருஷ்ணகிரியின் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. உங்கள் பக்கத்து அரூரிலும் 30 சென்டிமீட்டருக்கு மேல். வறண்ட மாவட்டம், நமக்கெங்கே வெள்ளம் என்ற எண்ணத்தை அந்த மழை முடித்து வைத்தது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை நீங்களே பார்த்தீர்கள். அப்படிப் போன வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பு மட்டும் இருந்தால் ஒரு பைசா கிடையாது. முழுக் காப்பு வேண்டும். முழுக் காப்பு இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டு ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அந்த இன்ஜின் செலவை மறுப்பார்கள். தம்பியிடம் இதைச் சொல்லி வையுங்கள்: தண்ணீரில் நின்ற வண்டியைக் கட்டி இழுத்துத்தான் மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும்.

பாலிசிக்கு முன்னால் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. ஷெட்டைச் சுற்றி இருப்பவர்களிடம் அந்த டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். சுவரில் சேற்றுக் கோடு இன்னும் தெரியும் இடங்கள் இருக்கும். அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு அடியாவது உயரமாகக் கட்டை அடித்து அதன்மேல் மூட்டையை அடுக்குங்கள். ஸ்விட்ச் போர்டையும் மேலே ஏற்றுங்கள். இதற்கு ஆகும் சில ஆயிரம், எந்தப் பாலிசியையும்விட முதலில் செலவு செய்ய வேண்டிய பணம். கோடு இடுப்பு உயரத்துக்கு இருந்தால் ஷெட்டையே மாற்றுங்கள்.

கிளெய்ம் நிற்பதும் விழுவதும் உங்கள் நோட்டுப் புத்தகத்தில்தான். மரத்துக்காரரிடமும் சந்தையிலும் ரொக்கம் கொடுத்து வாங்கும் புளிக்குப் பில் இருக்காது. நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வந்து எத்தனை மூட்டை இருந்தது என்று கேட்டால் என்ன காட்டுவீர்கள்? ஒவ்வொரு கொள்முதலுக்கும் தேதி, எடை, விலை, கொடுத்தவரின் பெயர், கையெழுத்தோடு ஒரு சீட்டு. எடைமேடைச் சீட்டு இருந்தால் அதோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். மாதம் ஒரு முறை குடோனைப் போட்டோ எடுத்து வேறு ஊரில் இருக்கும் உறவினரின் வாட்ஸப்புக்கு அனுப்பிவிடுங்கள். ஷெட்டில் இருக்கும் நோட்டு நனைந்துவிட்டால் அதுதான் சாட்சி. பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு என்று வைத்திருப்பவர்கள் நிறைய. சர்வேயர் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார், இருப்பதில் குறைந்ததைத்தான் எடுத்துக்கொள்வார். ஒரே கணக்கு வையுங்கள்.

நஷ்டம் நடந்துவிட்டால் அன்றைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லிக் கிளெய்ம் எண் வாங்குங்கள். நனைந்த மூட்டையைக் கோபத்தில் கொட்டிவிடாதீர்கள், சர்வேயர் பார்க்க வேண்டும். நனையாததைப் பிரித்துக் காப்பாற்ற வேண்டியதும் உங்கள் கடமைதான். அதைச் செய்யாமல் விட்டதால் கூடிய நஷ்டத்தைக் கழிப்பார்கள். காரணமில்லாமல் கம்பெனி மறுத்தால், எழுத்தில் புகார் கொடுத்து ஒரு மாதம் பாருங்கள். பிறகு சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி உரிமையாளர்களும் குறு நிறுவனங்களும் 50 லட்சம் வரையிலான வழக்கைக் கட்டணமும் வக்கீலும் இல்லாமல் அங்கே நடத்தலாம். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். குறு நிறுவனம் என்று காட்ட உத்யம் பதிவு தேவை. அது இலவசம், இணையத்தில் சில நிமிட வேலை. பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

அந்தப் பதிவுக்கு இன்னொரு பயனும் உண்டு. உண்மையைச் சொன்னால், உங்கள் தொழிலை மூடவைக்கக்கூடியது வெள்ளத்தைவிட, சரக்கை வாங்கிக்கொண்டு பணம் தராத மொத்த வியாபாரிதான். அதற்கு நீங்கள் எடுக்கக்கூடிய எளிய பாலிசி இல்லை. ஆனால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது; இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கு வட்டி, மாதக் கூட்டுவட்டியாக. இணையத்திலேயே மனுப் போடலாம். விற்பதற்கு முன்பே உத்யம் எண்ணைப் பில்லில் அச்சடித்துவிடுங்கள். ஒரே வியாபாரியிடம் மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் நிலுவை நிற்க விடாதீர்கள். பெங்களூர்க்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

ஜாமீன் இல்லாமல் கிடைத்த கடனாக இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு அரசு உத்தரவாத நிதி இருக்கிறது என்றால், அந்த உத்தரவாதம் பேங்குக்கு. நீங்கள் கட்டாவிட்டால் பேங்க் அங்கே வாங்கிக்கொள்ளும், உங்கள் பாக்கி அப்படியே நிற்கும். கடனுக்கே இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நினைத்துத் தவணையை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனம் வலிக்கும்.

ஏஜென்ட் சொல்லும் 60,000 ரூபாய்ச் சேமிப்புப் பாலிசி உங்கள் சரக்கையோ ஷெட்டையோ தொடவே தொடாது. வேண்டாம். கடனில் கையெழுத்துப் போட்டவர் நீங்களும் தம்பியும் என்றால், இருவர் பெயரிலும் கடன் தொகைக்கு ஈடான டெர்ம் பாலிசி எடுங்கள். பணம் திரும்பாது, அதனால்தான் மலிவு. தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. கிடையாது, சரக்குப் பாலிசிக்கு 18 சதவீதம் தொடர்கிறது. மூட்டை தூக்குகிறவர்களையும் மறக்காதீர்கள். வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே முதலாளிக்கு இருக்கிறது, இரண்டு ஆள் வைத்திருந்தாலும். அதற்கென்று தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி எடுங்கள். அதோடு அவர்கள் பேங்க் கணக்கிலேயே வருடம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பும், 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பும் பிரதமர் திட்டங்களில் கிடைக்கும். உங்களுக்குக் கொட்டை எடுத்துத் தரும் பெண்களுக்கும் சேர்த்து நீங்களே கட்டினாலும் பெரிய செலவில்லை. கட்டுங்கள்.

கடைசியாகத் தேதி. பிரீமியம் கம்பெனி கையில் சேர்ந்த பிறகுதான் காப்பு தொடங்கும் என்பது 1938 காப்பீட்டுச் சட்டம். புயல் அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் பயனில்லை. உங்கள் கொள்முதல் மாசியில் சூடு பிடிக்கும். பாலிசி ஜனவரியில் தொடங்கும்படி வையுங்கள். டிசம்பரிலேயே இரண்டு மூன்று கம்பெனிகளிடம், ஷெட்டையும் கோல்டு ஸ்டோரேஜையும் சேர்த்து எழுதிய கொட்டேஷன் கேளுங்கள். அதில் பேங்கின் பெயரும் இருக்க வேண்டும். பிறகு அந்தப் பாலிசியை பேங்கில் கொடுத்து, அவர்கள் போட்டதை அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் பிரீமியம் போகும்.