பாட்டுப் போட்டிக்கு உட்கடன் தரலாமா?



"புள்ள நல்லா பாடுது மேடம், டி.வி. போட்டிக்கு அனுப்பணும். குழுவுல கடன் கிடைக்குமா?" குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. காதுகுத்து, கல்யாணம், ஆஸ்பத்திரி என்று எத்தனையோ செலவுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். இதற்குத் தீர்மானம் போடுவதற்கு முன்னால், போட்டியில் பாடியவர்களுக்கு நிஜத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

செந்தில் கணேஷ், ராஜலட்சுமி தம்பதியை நமக்கெல்லாம் தெரியும். 2018இல் விஜய் டி.வி.யின் சூப்பர் சிங்கர் 6ஆவது சீசனில் செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். 2019இல் வந்த 'சார்லி சாப்ளின் 2' படத்தில் இருவரும் 'சின்ன மச்சான்' பாடினார்கள். ஒரே வருஷத்தில் மேலே வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அதற்கு முன் பல வருஷம் ஊர் மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டு பாடிப் பிழைத்தவர்கள் அவர்கள். டி.வி. அவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆளை நாலு பேருக்குக் காட்டியது, அவ்வளவுதான்.

ஜெயித்தால்தான் வாழ்வு என்பதும் இல்லை. 2011இல் முடிந்த சூப்பர் சிங்கர் 3இல் பட்டம் வாங்கியவர் சாய்சரண். சத்யபிரகாஷும் பூஜாவும் பட்டம் வாங்கவில்லை. ஆனால் 2017இல் வந்த 'மெர்சல்' படத்தின் 'ஆளப்போறான் தமிழன்' பாட்டில் இவர்கள் இருவர் குரலும் இருக்கிறது. இந்திப் பாடகர் அரிஜித் சிங் 2005இல் ஒரு டி.வி. போட்டியில் தோற்று வெளியே வந்தவர். பிறகு இசையமைப்பாளர்களிடம் உதவியாளராக வேலை பார்த்தார். 2013இல் 'ஆஷிகி 2' படம் வந்த பிறகுதான் நாடே அவரைத் தெரிந்துகொண்டது. எட்டு வருஷம்! அதுவரைக்கும் சோத்துக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். போட்டியில் பாடுகிற எல்லோருக்கும் சினிமா கிடைப்பதில்லை. பலருக்கு வருமானம் கச்சேரியிலும் கல்யாண மேடையிலும்தான். அதுவும் கௌரவமான தொழிலே.

சின்னப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்கள் இதைக் கவனமாகப் படிக்கவும். 14 வயது நிறையாத பிள்ளை கலைஞராக வேலை செய்வதற்கு 2017ஆம் வருஷ விதிகள் உள்ளன. படப்பிடிப்பு நடத்துபவர் மாவட்ட கலெக்டரிடம் அனுமதி வாங்க வேண்டும். பிள்ளையை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையில் ஓய்வு இல்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்கவும் கூடாது. பிள்ளைக்கு இஷ்டமில்லை என்றால் கட்டாயப்படுத்த முடியாது. பிள்ளையின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை தேசிய வங்கியில் அதன் பேரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். அப்பாவின் கடனை அடைக்க அந்தப் பணத்தைத் தொட முடியாது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்து கேட்டால், இங்கிலீஷ் தெரிந்த ஒருவரை வைத்து முழுசாகப் படித்துக் கேட்ட பிறகே போடுங்கள்.

இனி கடன் விஷயம். "செலக்ஷன் வாங்கித் தர்றேன், இவ்வளவு கொடு" என்று வருகிற புரோக்கருக்குக் கொடுக்க ஒரு பைசாகூட உட்கடன் தரக் கூடாது என்பது எங்கள் கருத்து. குரல் தேர்வுக்குப் போய்வர பஸ் செலவு என்றால் சின்னத் தொகைதான், குழு பேசி முடிவு செய்யலாம். பாட்டுப் படிப்புக்கு என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் 17 இடங்களில் நடக்கின்றன. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், வயலின் எல்லாம் கற்றுத் தருகிறார்கள். மூன்று வருஷப் படிப்பு, 12 முதல் 25 வயது வரை சேரலாம், கட்டணமும் குறைவு. பக்கத்து மாவட்டத்தில்தான் பள்ளி இருக்கிறது என்றால் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டு, அதையும் சேர்த்தே கடன் மனுவில் எழுதுங்கள்.