மோட்டார் வண்டிக் குளிரூட்டியின் ஓசை

நோயின் காரணம் அறியாது மருந்தளித்தல் தகாது. இவ்விதி இயந்திரத்துக்கும் பொருந்தும். குளிரூட்டி இரைந்தவுடன் கொம்பிரசரையே மாற்ற முனைவோர் பலர். முதலில் செவிகொடுத்துக் கேட்போமாக.

எஞ்சின் ஓடுகையில் குளிரூட்டியை இயக்கியும் நிறுத்தியும் பார்ப்போம். நிறுத்திய பின்னும் கரகரப்பு நீடிப்பின், கொம்பிரசர்க் கப்பியின் பெயரிங் தேய்ந்திருக்கலாம். கிளச் விடுபட்டிருப்பினும் கப்பி பெல்டுடன் சுழன்றுகொண்டேயிருக்கும் அன்றோ? எமது வண்டிக்குப் புதுக் கொம்பிரசரே வேண்டுமென்றனர். ஈற்றில் பெயரிங் ஒன்றே போதுமாயிற்று.

இயக்கும்போது மட்டும் கிறீச்சிடின், பெல்ட் தளர்ந்தோ தேய்ந்தோ இருத்தல் கூடும். கொம்பிரசரின் உள்ளிருந்து இடிப்பொலி எழின், அதுவே பழுதுற்றதென ஐயுறலாம். காற்றாடியின் வேகத்தோடு ஓசை ஏறியிறங்கின், குற்றம் காற்றாடியினதே. உதிர்ந்த இலை சிக்கியிருத்தலும் உண்டு. நிறுத்தியபின் சிறிது நேரம் எழும் 'உஸ்' என்னும் ஒலி, வாயுவின் அழுத்தம் சமன்படுவதால் உண்டாவது, அது பழுதன்று.

எஞ்சினை நிறுத்தாது பெல்டின் அருகே கைவைத்தலாகாது. வாயுக் குழாயை நாமே கழற்றுதலும் ஆகாது. பீறிட்டெழும் வாயுவின் கடுங்குளிர் கண்ணைக் கெடுக்கும். அப்பணி பயிற்சி பெற்றோர்க்குரியது.

மாணவ நண்பர்களே, எதனையும் கழற்றுமுன் கேட்டறியுங்கள், வீண்செலவு தவிரும்.