பாங்கு சத்தத்தில் ஒரு சங்கீதம்

கேள்வி: கல்முனைக்குடியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். அங்கே நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். என் விசுவாசம் ஞாயிறு ஆராதனையோடு நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஐவேளையும் தொழுகைக்கு எழும்பும் ஊரில் இருக்கிறீர்கள், அதுவே நல்ல துணை. சுபஹ் பாங்கு கேட்டதும் நீங்களும் எழும்பி, ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். இரவில், புனித இஞ்ஞாசியார் வலியுறுத்திய பழக்கம்: அன்றைய நாளைக் கடவுள் முன் வைத்துத் திரும்பிப் பார்ப்பது. துணி அளக்கையில் கை இழுத்ததா? கடன் கொப்பியில் எழுதியது சரியா? பத்துச் சேலையை விரிக்க வைத்துவிட்டு வாங்காமல் போன உம்மாவிடம் முகம் சுளித்தீர்களா? கலாத்தியர் நிருபம் சொல்லும் ஒன்பது கனிகளில் பொறுமை விளைய, புடவைக்கடையை விட நல்ல நிலம் எனக்குத் தெரியவில்லை!

பலனைத் தேடி அவசரப்படாதீர்கள். மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814இல் மட்டக்களப்புக்கு வந்தார், பள்ளிக்கூடம் தொடங்கினார், 1815 ஏப்ரலில் இறந்துவிட்டார். ஒரு வருடம்கூட இல்லை. அவர் தொடங்கியது மெதடிஸ்த மத்திய கல்லூரியாக இன்றும் நடக்கிறது.

றமழானில் முதலாளி வீட்டு நோன்புக் கஞ்சி வந்தால் தயங்காமல் குடியுங்கள். நத்தாருக்கு உங்கள் கேக் அங்கே போகட்டும்.