சிகரமும் ஒரு துரையின் பெயரும்

அன்புள்ள தம்பிக்கு,

தான் கண்டுபிடித்த சிகரத்துக்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்ட எவரெஸ்ட் துரையின் அகம்பாவத்தைப் பழித்து எழுதியிருந்தாய். பாடப்புத்தகக்காரர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிப் பரப்பிய பிழைக்காக உன்னைக் கடிந்து பயனில்லை. ஆயினும் அந்த மனிதர்மேல் விழும் இந்த வீண்பழியைக் கேட்டுச் சும்மா இருக்க என்னால் முடிவதில்லை.

ஜார்ஜ் எவரெஸ்ட் 1843-லேயே இந்திய நில அளவைத் தலைமையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். நேபாளத்துக்குள் அனுமதியில்லாத அளவைக்காரர்கள் நூறு மைலுக்கு அப்பால், தராய்ச் சமவெளியில் தியோடலைட்டை நிறுத்திப் பார்த்ததும், பதினைந்தாம் சிகரம் என்று வெறும் எண்ணால் குறிக்கப்பட்டிருந்த அதன் உயரத்தை ராதாநாத் சிக்தார் முதலிய கணிதர்கள் 29,002 அடி என்று நிர்ணயித்ததும் அதற்குப் பின்பே. உள்ளூர்ப் பெயர் அகப்படவில்லை என்று காரணம் சொல்லி 1856-இல் தம் முன்னவர் பெயரைச் சூட்டியவர் ஆண்ட்ரூ வா. எவரெஸ்டோ, இந்நாட்டார் வாயில் அப்பெயர் நுழையாது என்று மறு வருஷமே ஆட்சேபித்தார், கேட்பாரில்லை. 1865-இல் லண்டன் பூகோள சங்கம் அதையே உறுதிசெய்தது. அவர் தம் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றே உச்சரித்தார் என்பது வேறு விஷயம்.

பெயர் அகப்படவில்லையாம்! பிரெஞ்சுப் பூகோள நிபுணர் தான்வில் 1733-இல் வெளியிட்ட திபேத்துப் படத்திலேயே, சற்றே சிதைந்த வடிவில், சோமோலுங்மா என்ற பெயர் இருக்கிறது. இதைக் காணாதவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஹாட்ஸன் தேவதுங்கா என்றார். ஜெர்மானியரான ஷ்லாகின்ட்வைட் காத்மாண்டுப் பக்கத்திலிருந்து நோக்கி, கௌரிசங்கரே இது என்று அடித்துச் சொன்னார். என் இளமையில் ஒரு பழைய ஜெர்மானிய நிலப்படத்தில் உலகின் உச்சியில் சிவபார்வதி பெயரைக் கண்டு, பக்தியால் பூரித்துப்போனேன்! 1903-இல் ஹென்ரி வுட் நேபாளம் சென்று அளந்த பிறகே, கௌரிசங்கர் முப்பத்தாறு மைல் மேற்கே நிற்கும், ஐயாயிரம் அடிக்குமேல் தாழ்ந்த வேறொரு மலை என்பது ருசுவாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு நிலைத்த பிழை அது; தூரத்திலிருந்து பார்ப்பவன் முன்மலையை உயர்ந்ததென்று மயங்குவதால் வருவது. பக்தி சர்வே செய்யாது, தம்பி!

நேபாளத்தார் இச்சிகரத்துக்கு வழங்கும் சாகர்மாதா என்பதையும் புராணப் பெயராக எண்ணிவிடாதே. சரித்திர ஆசிரியர் பாபுராம் ஆசாரியர் இருபதாம் நூற்றாண்டில் பரப்பிய பெயர் அது. மலையடியில் தலைமுறைகளாக வழங்கிய சோமோலுங்மாவுக்கே என் ஓட்டு.

பரீட்சையில் எவரெஸ்ட் என்றே எழுது. மார்க்கை இழக்க வேண்டாம். கண்டுபிடித்தவர் எவரெஸ்ட் என்று மட்டும் இனி எழுதாதே.

இப்படிக்கு,
உன் பெரியப்பா